நாண் பொறுக்கும் சுமை

பின்லாந்தின் யூவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் உயிரியக்கவியல் பேராசிரியராக இருந்த பாவோ கோமி, 1980-களில் ஓர் அளவீட்டைச் செய்தார். தன்னார்வலரின் குதிகாலுக்கு மேலே மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலைக் கீறி, அக்கிலிஸ் நாண் எனப்படும் குதிகால் நாணில் ஒரு சிறிய எஃகுக் கொக்கியை மாட்டினார்கள். நாண் இறுகும்போது கொக்கியின் சட்டம் மயிரிழை அளவு வளையும். தோலுக்கு வெளியே வந்த மின்கம்பி அந்த வளைவை விசையாக மாற்றிச் சொல்லும். அந்த நிலையில் தன்னார்வலர் நடந்தார், குதித்தார், ஓடினார். வேகமாக ஓடியபோது பதிவான உச்ச விசை 9,000 நியூட்டன், அதாவது உடல் எடையைப் போல் 12.5 மடங்கு. சுமார் 900 கிலோவை அந்த ஒற்றை நாணில் தொங்கவிட்டதற்குச் சமம். அதை நாணின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வரும் எண், இறந்த உடலின் நாண் ஆய்வகத்தில் அறுந்துபோகும் 100 மெகாபாஸ்கலை ஒட்டி வருகிறது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இப்படியொரு சோதனைக்குக் கையெழுத்திடுமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அந்த எண்ணை விட்டுவிட்டு இந்தத் துறையில் யாரும் பேச முடிவதில்லை.

இத்தனை விசையைத் தாங்கும் ஒரு பொருள், விழாமல், அடிபடாமல், திரும்பத் திரும்பச் செய்த வேலையாலேயே ஏன் கெடுகிறது? ஓட்டக்காரரின் குதிகால், கைப்பந்து வீரரின் முழங்கால் சில்லுக்குக் கீழ்ப்பகுதி, டென்னிஸ் ஆடாதவருக்கும் வரும் டென்னிஸ் எல்போ, பெயிண்டரின் தோள், பிள்ளை பெற்ற தாயின் கட்டைவிரல் அடி என்று இந்த நோய் பல இடங்களில் தலைகாட்டுகிறது. உயிர்மருத்துவப் பொறியியல் இதை ஐம்பது ஆண்டுகளாகத் துருவிவருகிறது. நாணில் சேதம் எப்படிச் சேர்கிறது என்பதை அது ஓரளவு நன்றாகவே கண்டுபிடித்துவிட்டது. உடல் அதை எப்படிச் சரிசெய்கிறது என்பதை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறது. பல சிகிச்சைகள் வந்து தோற்றுப் போனதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நாணில் பாதிக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பங்கு கொலாஜன். ஒரு கொலாஜன் மூலக்கூறு மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டது. நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். இவை வரிசை விலகி அடுக்கி நுண்ணிழையாகின்றன. நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கற்றை, கற்றைகள் சேர்ந்து நாண். காஸ்டெலிக், கலெஸ்கி, பேயர் மூவரும் 1978-இல் விவரித்த இந்தப் படிநிலை அமைப்பு இன்றும் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. தளர்ந்த நாணில் இழைகள் நெளிநெளியாகக் கிடக்கும். இழுக்கத் தொடங்கினால் முதல் 2 சதவீத நீட்சி வரை அந்த நெளிவுதான் நிமிர்கிறது. அதற்குப் பெரிய விசை வேண்டாம். அதன் பிறகு கொலாஜனே நீள வேண்டியிருப்பதால் நாண் விறைத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் 8 முதல் 10 சதவீதத்தில் அறுந்துவிடும். இழுவிசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு, நீண்ட அளவை முதல் நீளத்தால் வகுத்தால் திரிபு என்று பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் படித்திருப்பார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்த இரண்டு சொற்களே போதும்.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் மெக்நீல் அலெக்சாண்டர், ராபர்ட் கெர் இருவரும் விலங்குகளின் நாண்களைச் சுருள்வில்லாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1987-இல் 'நேச்சர்' இதழில் வந்த அவர்கள் குழுவின் கட்டுரை, 70 கிலோ எடையுள்ள மனிதர் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் குதிகால் நாணில் 35 ஜூல், பாத வளைவில் 17 ஜூல் ஆற்றல் சேமிக்கப்பட்டுத் திரும்பக் கிடைக்கிறது என்றது. தசை செய்ய வேண்டிய வேலையில் பாதியை நாண் இலவசமாகச் செய்துகொடுக்கிறது. மறு ஆண்டே அவர்கள் இன்னொரு கேள்வியை எழுப்பினார்கள்: பாலூட்டிகளின் நாண்கள் ஏன் இவ்வளவு தடிமன்? அளந்து பார்த்தபோது பெரும்பாலான நாண்களில், அவற்றை இழுக்கும் தசை முழுவலுவோடு இழுத்தாலும் தகைவு 13 மெகாபாஸ்கலை ஒட்டியே வந்தது. அறுவதற்கு 100 வேண்டும். ஏழெட்டு மடங்கு பாதுகாப்பு.

விதிவிலக்காக நின்றவை வில்லாக வேலை செய்யும் நாண்கள். வில் என்றால் நீள வேண்டும். நீள வேண்டுமானால் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் தகைவு ஏறும். குதிகால் நாணின் நிலை இதுதான். குதிரையின் முன்காலின் பின்புற நாணும் அப்படியே. பாய்ந்தோடும் குதிரையில் அது 16 சதவீதம் வரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். காலை நிலைநிறுத்த மட்டும் உதவும் முன்புற நாண் அதில் சிறு பங்கே நீள்கிறது. பந்தயக் குதிரைகளில் மளமளவென்று கெடுவது பின்புற நாண். முன்புற நாண் கெட்டதாகக் கால்நடை மருத்துவர்கள் சொல்வது அபூர்வம். சிக்கனத்துக்காகப் பாதுகாப்பை விற்ற நாண்களே மிகைப்பயன்பாட்டுக் காயத்துக்கு இரையாகின்றன. கைப்பந்து வீரர்களில் 45 சதவீதம் பேருக்குச் சில்லு நாண் வலி இருந்ததாக நார்வேயில் 2005-இல் வந்த ஆய்வு சொன்னது. கூடைப்பந்தில் 32 சதவீதம். குதித்து இறங்கும் ஆட்டங்கள் இவை.

ஒரே முறை இழுத்து அறுப்பது வேறு, ஆயிரம் முறை இழுத்துத் தளர்த்துவது வேறு. இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் மருத்துவர்கள் அல்லர், ரயில்வேக்காரர்கள். வலிமைக்குப் பலமடங்கு குறைந்த சுமையிலும் ரயில் அச்சுகள் திடீரென்று முறிந்தன. பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி, எந்தத் தகைவில் எத்தனை சுற்றில் முறிகிறது என்று கோடு வரைந்தார். உலோகச் சோர்வு என்ற பாடம் அங்கே உருப்பெற்றது. அதே கோட்டை நாணுக்கு வரையக் கெர் குழுவினர் வாலபி என்ற சிறு கங்காருவின் வாலை எடுத்துக்கொண்டார்கள். அதன் நாண்கள் நீளமாகவும் ஒரே சீராகவும் இருக்கும். 1995-இல் வந்த அவர்கள் முடிவு: தகைவு சற்றுக் கூடினாலே ஆயுள் பல மடங்கு சுருங்குகிறது.

மனித நாணுக்கான கோடு 1997-இல் வந்தது. ஷெக்ட்மன், பேடர் இருவரும் இறந்தவர்களின் கால்விரல் நாண்களைச் சோதித்து வரைந்தது. அதில் அறியவேண்டியது இரண்டு. உச்ச வலிமையில் 15 சதவீதம் அளவுக்குச் சுமை கூடினால், தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகிவிடும். இது முதல் விஷயம். அடுத்தது இன்னும் உறுத்துவது. உச்ச வலிமையில் வெறும் 20 சதவீதச் சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றினால், அந்தக் கோட்டின்படி சுமார் 3 லட்சம் சுற்றில் நாண் அறுந்துவிடும். ஒரு காலுக்கு ஒரு நாளில் 5,000 அடி என்று வைத்துக்கொண்டால் 60 நாள். யாருக்கும் இரண்டு மாதத்தில் நாண் அறுவதில்லை. ஆகவே உயிருள்ள நாண் தன்னை ஓயாமல் செப்பனிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொறியாளர்களுக்கு இதைத் தவிர வேறு முடிவுக்கு வழியில்லை.

பதினாறு ஆண்டு கழித்து, கோபன்ஹேகனில் இருந்து அதற்கு நேர்மாறான ஒரு முடிவு வந்தது.

1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் இருந்த கார்பன்-14 ஏறக்குறைய இரட்டித்தது. 1963-இல் வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை வந்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. அந்தக் கார்பன் பயிர் வழியாக உணவில் ஏறி உடலில் சேர்ந்தது. உடலில் ஒரு புரதம் எந்த ஆண்டு கட்டப்பட்டதோ அந்த ஆண்டுக் காற்றின் முத்திரை அதில் பதிந்திருக்கும். காட்யா ஹைனமைர் தலைமையிலான குழு, வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்து இறந்தவர்களின் குதிகால் நாணை எடுத்து, அதன் நடுப்பகுதியில் இருந்த கார்பன்-14-ஐ அளந்தது. 2013-இல் வெளியான முடிவு: நாணின் உள்ளகக் கொலாஜன் முதல் 17 ஆண்டுகளில் கட்டப்பட்டது. அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்படவே இல்லை. அதே உடல்களின் தசையோ தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டிருந்தது. எழுபது வயதுக்காரர் தன் பள்ளிப்பருவத்து நாணோடு நடக்கிறார். குண்டு வெடித்தவர்கள் இப்படியொரு பயனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

குதிரையில் இன்னும் விசித்திரம். 2010-இல் ஷவான் தோர்ப் குழுவினர் கணித்த கொலாஜன் அரைவாழ்வு: அதிகம் நீளும் பின்புற நாணில் 198 ஆண்டு, சும்மா கிடக்கும் முன்புற நாணில் 34 ஆண்டு. குதிரை வாழ்வதே முப்பது ஆண்டுக்குள். அதிகம் உழைக்கும் நாண்தான் மிகக் குறைவாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதிகச் சுமையுள்ள இடத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது கொலாஜனைப் பிரித்துக் கட்டுவது ஆபத்து. எனவே செல்கள் அதைத் தொடாமல் காக்கின்றன என்பது ஒரு விளக்கம். நியாயமாகவே படுகிறது. ஆனால் 60 நாள் கணக்கை அது தீர்க்கவில்லை.

தீர்வுக்கு வழி காட்டியவை இரண்டு வேலைகள். மான்செஸ்டரின் கார்ல் கேட்லர் குழு 2020-இல் எலியின் நாணை இரவும் பகலுமாக எடுத்துப் பார்த்தது. தடித்த நுண்ணிழைகள் நிலையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே மெல்லிய நுண்ணிழைகள் தினமும் தோன்றி மறைந்தன. உடலின் நாள்கடிகாரம் அந்தச் சுற்றை ஓட்டியது. அதைக் கெடுத்த எலிகளின் நாண் தடித்து, ஒழுங்கு குலைந்தது. நிலையான இழைகளைக் காப்பதற்காக அன்றாடம் பலியாகும் இழைகள் இவை என்று அவர்கள் கருதினார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஹேசல் ஸ்க்ரீன், முன்பு சொன்ன தோர்ப் ஆகியோர் காட்டியது வேறு. வில்லாக வேலை செய்யும் நாண்களில் கற்றைகளே அதிகம் நீள்வதில்லை. ஒரு கற்றை மற்றொன்றின் மேல் வழுக்குகிறது. கற்றை ஒவ்வொன்றும் திருகுவடிவில் அமைந்து சுருள்வில்லாக விரிகிறது. கற்றைகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய பசைப்படலம் நீண்டு மீள்கிறது. வயதான குதிரையில் இந்தப் படலம் விறைத்துவிடுகிறது. வழுக்க முடியாத கற்றைகள் மேல் சுமை ஏறுகிறது. படலத்தில் கொலாஜன் குறைவு, அது புதுப்பிக்கப்படும் வேகம் அதிகம். செப்பனிடுதல் நடக்கும் இடம் உள்ளகம் இல்லை, இடைவெளி என்றால் இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை.

கோபன்ஹேகன் குழுவே 2018-இல் இன்னொரு முடிச்சைப் போட்டது. நோயுற்ற குதிகால் நாண்களை அதே கார்பன் முறையில் அளந்தபோது, நலமான நாணில் இல்லாத புதுப்பிப்பு அங்கே நடந்திருந்தது. வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது தொடங்கியிருந்தது. நோயாளி போன மாதம் ஓடிய மாரத்தானைக் காரணம் சொல்வார். நாணின் கதை அதற்கு வெகுமுன்பே ஆரம்பித்துவிட்டது.

சேதத்துக்கும் வலிக்கும் உள்ள உறவு இங்கேதான் குழம்புகிறது. பின்லாந்தின் கன்னுஸ், ஹங்கேரியின் யோசா இருவரும் 1991-இல், நாண் தானாக அறுந்த 891 பேரின் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். 97 சதவீதத்தில் சிதைவு இருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அதுவரை வலி என்றே சொன்னதில்லை. வேறு காரணத்தால் இறந்தவர்களின் அறுபடாத நாண்களை ஒப்பிட்டபோது அவற்றிலும் 34 சதவீதத்தில் சிதைவு. ஸ்கேனில் நாண் கெட்டதாகத் தெரிவது ஒன்று, நோயாளி வலிக்கிறது என்பது ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் மருத்துவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

முதலில் எல்லோரும் இதை அழற்சி என்றே எண்ணினார்கள். 1979-இல் நிர்ஷல், பெட்ரோன் இருவரும் டென்னிஸ் எல்போவுக்காக வெட்டியெடுத்த திசுவில் அழற்சிச் செல்களைக் காணவில்லை. ஒழுங்கற்ற கொலாஜனும் புதுரத்தக் குழாய்களுமே இருந்தன. சுவீடனின் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1999-இல் வலியுள்ள நாணுக்குள் நுண்குழாய் செலுத்திப் பார்த்தபோது அழற்சியின் அடையாளமான புரோஸ்டகிளாண்டின் கூடியிருக்கவில்லை; நரம்புச் செய்தி கடத்தும் குளூட்டமேட் கூடியிருந்தது. அழற்சியே இல்லை என்று ஒரு தலைமுறை சொல்லத் தொடங்கியது. பின்னர் கிளாஸ்கோவின் நீல் மில்லர், ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்டெஃபனி டேக்கின் போன்றோர் நவீன சாயமுறைகளைக் கொண்டு, தொடக்க நிலையில் அழற்சிச் செல்களும் அவற்றின் சுரப்புகளும் இருப்பதைக் காட்டினார்கள். இந்த ஊசல் இன்னும் நிற்கவில்லை. தொடக்கத்தில் இருக்கிறது, நாள்பட்டால் வடிந்துவிடுகிறது என்ற சமாதானம் இப்போதைக்குப் போதுமானது.

பென்சில்வேனியாவின் லூயி சோஸ்லோவ்ஸ்கி எலிகளைச் சரிவான ட்ரெட்மில்லில் தினம் ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் ஓடவிட்டு, தோள்பட்டை நாண் தடிப்பதையும் வலுவிழப்பதையும் பதிவுசெய்தார். மிச்சிகனின் ஸ்டீவன் ஆர்னோட்ஸ்கி சொன்னது இதற்கு எதிர்ப்பக்கம். எலிவால் நாணைச் சுமையே இல்லாமல் வளர்ப்புத் திரவத்தில் போட்டுவைத்தால், செல்கள் கொலாஜனை அரிக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்குகின்றன. அதிகப் பயன்பாட்டால் ஒரு நுண்ணிழை அறுந்தால், அதை ஒட்டியிருக்கும் செல் இழுவை இழந்துவிடுகிறது. மிகைச் சுமையின் நடுவில் குறைச் சுமை உருவாகிறது. இந்த வாதம் எனக்குப் பிடித்தமானது. ஓய்வு கொடுத்தால் தேறிவிடும் என்ற பழைய அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இது ஒரு விடை.

சிகிச்சையின் வரலாறும் அதையே சொல்கிறது. ஊமியோவில் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் 15 ஓட்டக்காரர்கள் 12 வாரம், தினம் 180 முறை, படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைக் கீழே இறக்கினார்கள். வலித்தாலும் நிறுத்தவில்லை, வலி குறைந்தால் முதுகில் பை மாட்டி எடை ஏற்றினார்கள். எல்லோரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த 15 பேர் வழக்கமான சிகிச்சையில் தேறாமல் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். சீட்டுக்குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் அதிகம் கொண்டாடக்கூடாது. ஆனாலும் உலகெங்கும் பிசியோதெரபி அறைகள் அந்தப் படிக்கட்டுப் பயிற்சிக்கு மாறின. கீழிறக்கும் அசைவில் ஏதோ தனிச்சக்தி இருப்பதாகப் பல ஆண்டு பேசினார்கள். 2015-இல் கோபன்ஹேகனின் பேயர் குழு, வாரம் மூன்று நாள் கனமான எடையை மெதுவாக ஏற்றியிறக்கும் பயிற்சியை அதோடு ஒப்பிட்டது. பலன் ஒன்றே. திசை முக்கியமில்லை, சுமைதான் மருந்து.

எவ்வளவு சுமை? அப்போது ஜெர்மனியின் கொலோனில் இருந்த அடமந்தியோஸ் அரம்பட்சிஸ் 2007-இல் அழகான ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரே மனிதரின் ஒரு காலுக்குக் குறைந்த சுமை, மறுகாலுக்கு அதிகச் சுமை. மொத்தக் கணக்கு இரண்டுக்கும் சமம். குறைந்த சுமைக் காலின் நாண் ஒவ்வொரு முறையும் சராசரியாக 2.85 சதவீதம் நீண்டது, மற்றது 4.55 சதவீதம். 14 வாரத்துக்குப் பிறகு அதிகமாக நீண்ட நாண் மட்டும் விறைப்பேறியிருந்தது. மற்ற கால் தொடங்கிய இடத்திலேயே இருந்தது. சேதம் எண்ணிக்கையைவிட அளவுக்குப் பலமடங்கு கட்டுப்படுகிறது என்று வாலபி வாலில் பார்த்தோம். வளர்ச்சியும் அப்படியே. ஆகவே நடைப்பயிற்சி செய்தால் நாண் வலுப்படும் என்று எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண். நடைக்கு வேறு நன்மைகள் உண்டு, அது வேறு பேச்சு.

குறுக்குவழிகளின் கதை சுருக்கமானது. டென்னிஸ் எல்போவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஒரு மாதத்தில் வலி பறந்துவிடும். 165 பேரிடம் நடந்து 2013-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஓராண்டு கழித்து முழுக்கவோ பெருமளவுக்கோ தேறியவர்கள் ஊசி போட்டவர்களில் 83 சதவீதம், போலி ஊசி போட்டவர்களில் 96 சதவீதம். நோய் திரும்பியது முறையே 54, 12 சதவீதம் பேருக்கு. ரத்தத் தட்டணுச் செறிவை ஊசியாகச் செலுத்தும் முறைக்கு விளையாட்டுலகில் பெரிய மவுசு. குதிகால் நாணுக்கு அது உப்புநீரைவிட மேலில்லை என்று 2010-இல் நெதர்லாந்தில் 54 பேரிடமும், போலி ஊசியைவிட மேலில்லை என்று 2021-இல் பிரிட்டனில் 240 பேரிடமும் கண்டார்கள். வேறு நோய்க்கு எடுக்கும் மருந்தும் நாணைக் கெடுக்கலாம்: சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கு நாண் அறும் அபாயம் பற்றிய கறுப்புக்கட்ட எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-இல் கட்டாயமாக்கியது. வயிறு கலங்கினால் கடையில் கேட்டு நாமே வாங்கி விழுங்கும் மாத்திரை அதுதான்.

அளவீட்டில் கோமியின் கொக்கிக்குப் பின் பெரிய பாய்ச்சல் 2018-இல் வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாரில் தேலன் குழு, தோலைக் கீறாமல் நாணின் விசையை அளந்தது. குதிகாலுக்கு மேலே ஒரு சிறு தட்டுக்கருவி தோலை மெல்லத் தட்டும். சற்றுத் தள்ளி ஒட்டியிருக்கும் இரண்டு முடுக்கமானிகள் அந்த அதிர்வு கடந்துபோகும் நேரத்தைக் குறிக்கும். இறுக்கிய வீணைத் தந்தியில் அலை வேகமாக ஓடுவதுபோல, இறுகிய நாணிலும் ஓடும். வேகத்தின் வர்க்கம் தகைவுக்கு நேர்விகிதம். ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, நடக்கும் மனிதரிடம், அடிக்கு அடி அளக்கலாம். தோலுக்கு அடியிலேயே இருக்கும் நாண்களுக்குத்தான் இது பொருந்தும் என்பது இதன் எல்லை.

விளையாட்டில் இதற்கெல்லாம் பணம் இருக்கிறது. கடந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து, விகிதம் 0.8-க்கும் 1.3-க்கும் நடுவில் இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு கணக்கு 2016 வாக்கில் கிரிக்கெட் முதல் ரக்பி வரை பரவியது. கிரிக்கெட்டில் அந்தக் கணக்கு வீசிய பந்துகளை எண்ணுகிறது, ஒவ்வொரு பந்திலும் நாண் தாங்கிய தகைவை எண்ணுவதில்லை. அந்த விகிதத்தின் கணிதமே பழுது என்று பின்னர் வந்த விமர்சனத்தோடு நான் உடன்படுகிறேன். 2004-இல் சச்சினின் முழங்கை நாடறிந்த உறுப்பாயிற்று. கனமான மட்டையா காரணம் என்று டீக்கடையில் விவாதம் நடந்தது. 2024-இல் முகமது ஷமியின் குதிகால் நாணுக்கு லண்டனில் அறுவை சிகிச்சை. இவர்களின் நாண்களைப் பற்றி எழுதப்பட்டதில் நூறில் ஒரு பங்கு, தினக்கூலிக்காகக் கையைப் பயன்படுத்துபவர்களின் நாண்களைப் பற்றி எழுதப்படவில்லை.

இத்தனைக்கும் தொழிலிடத்து ஆய்வு முன்பே சரியான இடத்தைத் தொட்டிருந்தது. பார்பரா சில்வர்ஸ்டைன் குழு 1986-இல் ஆறு ஆலைகளில் 574 தொழிலாளர்களின் கையையும் மணிக்கட்டையும் பரிசோதித்தது. விசையும் அதிகம், திரும்பச் செய்யும் வேகமும் அதிகம் என்ற வேலையில் இருந்தவர்களுக்கு, இரண்டும் குறைந்த வேலையில் இருந்தவர்களைவிடக் காய வாய்ப்பு 29 மடங்குக்கு மேல். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஷான் கலாகர் 2013-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது ஒரே வடிவம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. விசை குறைவாக இருந்தால் எண்ணிக்கை ஏறினாலும் அபாயம் சற்றே ஏறுகிறது. விசை அதிகமாக இருந்தால் எண்ணிக்கையோடு அது செங்குத்தாக ஏறுகிறது. வோலர் அச்சுக்கு வரைந்த கோட்டின் நடத்தை இது. கலாகர் குழு 2018-இல் கைவேலைக்கு ஒரு கணிப்பானை உருவாக்கியது. நுண்கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு சிரமம் என்று தொழிலாளி பூஜ்யம் முதல் பத்து வரை சொல்ல வேண்டும், ஒரு நாளில் எத்தனை முறை என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு சிரம நிலைக்கும் உரிய சேதத்தை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் அன்றைய மொத்தச் சேதம் வந்துவிடும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் சின்னக் கத்தரி, மடியில் டீ-சர்ட் குவியல். தையல் முனைகளில் தொங்கும் நூலை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டித் தள்ள வேண்டும். வில் வைத்த கத்தரியை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலாலும் விரல்களாலும் அமுக்கி மூட வேண்டும். மொட்டையான கத்தரி என்றால் ஒரே நூலுக்கு இரண்டு அமுக்கு. மணிக்கட்டு வளைந்தே இருக்கும். பீஸ் கணக்கில் கூலி என்பதால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வது கூலியைக் குறைக்கச் சொல்வதாகும். எந்தப் பெண்ணும் அதற்கு ஒப்பமாட்டாள். எண்ணிக்கையில் பாதியைக் குறைத்தால் சேதமும் பாதிதான் குறையும். விசை அப்படியல்ல. கால்விரல் நாண்களில் வரைந்த ஷெக்ட்மன் - பேடர் கோடு கைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. வடிவம் அதே என்றால், நாண் மேல் விழும் சுமையை அதன் வலிமையில் 35 சதவீதத்திலிருந்து 20-க்கு இறக்கினால் அதே நாண் பத்து மடங்கு வெட்டுகளைத் தாங்கும். அதற்கு வாரம் ஒருமுறை கத்தரியைச் சாணை பிடிப்பது, இறுக்கமான வில்லை மாற்றுவது, குவியலை மடியிலிருந்து மேசைக்கு ஏற்றி மணிக்கட்டை நேராக்குவது ஆகியவை போதும். முதல் இரண்டையும் செய்ய வேண்டியது கத்தரி வாங்கிக் கொடுக்கும் கம்பெனி.